துணிக்கு வாய் இருந்த காலம்

சலவைக்குப் போய் வந்த துணியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு குறி இருக்கும். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பெருக்கல் குறி என்று அது வீட்டுக்கு வீடு மாறும். ஒருவர் துணி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே அந்தக் குறி இடப்படுகிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள். வேறு எத்தனையோ சின்னப் பிழைகளுக்காகச் சபைகளில் கைகலப்பு வரை போனவர்கள்கூட, இவ்வளவு பெரிய பிழையைத் தினமும் தங்கள் வேட்டி ஓரத்திலேயே சுமந்து திரிந்தார்கள். இனியும் இதைத் திருத்தாமல் விடுவது சரியல்ல. துணி மாறாமல் பார்த்துக்கொள்வது அந்தக் குறியின் இரண்டாவது வேலை. முதல் வேலை, துணியின் வாயை மூடுவது.

அந்தக் காலத்தில், அதாவது விலங்கும் மரமும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், துணிகளும் பேசின. துணியின் வாய் ஓரத்தில், முனையிலிருந்து நாலு விரல் உள்ளே இருந்தது. துணி பேசுவதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. உடம்பில் இருக்கும்போது பேசாது, அது மரியாதை. அவிழ்த்துப் போட்டதும் தொடங்கிவிடும். உடுத்தியவர் அன்று எங்கே போனார், எதைத் தின்றார், எதற்காக அழுதார், எல்லாம் சொல்லும். அதனால் அந்தக் காலத்து ஜனங்கள் துணியை அவிழ்த்த கையோடு மூட்டைக்குள் திணித்து, முடிச்சை இறுக்கிவிடுவார்கள். தோள்துண்டுதான் தொல்லை. அதை எடுத்து உதறி, முகம் துடைத்து, பக்கத்தில் வைத்து, மறுபடியும் போட வேண்டும். ஆகவே புத்தியுள்ளவர்கள் துண்டைக் கழற்றி வைத்தால் அதன் ஓரத்தில் ஒரு கல்லையும் எடுத்து வைப்பார்கள்.

இந்தப் பேச்செல்லாம் வெள்ளாவியில் போய்விடும். உவர்மண் கரைசலில் முக்கி எடுத்த துணிகளைப் பானைக்கு மேல் அடுக்கி, அடியில் நெருப்பு மூட்டி, ஆவியில் வேகவைப்பதற்குத்தான் வெள்ளாவி என்று பெயர். வெள்ளாவியில் இருந்து இறங்கிய துணிக்கு எதுவும் நினைவிருக்காது. எந்த வீடு என்று கேட்டால் வீட்டின் பெயரை மட்டும் சொல்லும். அதைக் கேட்டுத்தான் துணிகளைப் பிரித்து அடுக்குவார்கள். குறி எதுவும் தேவைப்படவில்லை.

ஓர் ஊரின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவள் உச்சிமாளி. ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் அதே பெயருள்ள மூன்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஊரைத் தாண்டினால் ஒரு பொட்டல், பொட்டலைத் தாண்டினால் ஆறு, ஆற்றின் கரையில் அவளுடைய குடிசை. பொட்டலின் ஊர்ப்பக்க ஓரத்தில் ஒரு பாறை கிடந்தது. வாரத்துக்கு ஒரு நாள் ஊர்க்காரர்கள் மூட்டைகளை அதன் மேல் வைத்து, பக்கத்தில் அவளுக்கு அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு அவள் வந்து எடுத்துக்கொள்வாள். வெளுத்த துணிகளையும் அப்படியே, ஆள் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டு வருவாள்.

யாருக்கும் அவள்மேல் வெறுப்பு கிடையாது. கூச்சம்தான். தன் அழுக்கு முழுவதையும் பார்த்தவளின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது யாருக்கும் சுலபமல்ல. முகத்தைப் பார்க்காததால் பெயரைக் கேட்கவில்லை. ஆத்தங்கரைக்காரி என்று சொல்லிக்கொண்டார்கள். அதையும் அவள் காதுபடச் சொன்னதில்லை.

உச்சிமாளிக்கோ ஊரில் எல்லாரையும் தெரியும். நாட்டாமை ஆதிமூலம் வெள்ளிக்கிழமை விரதத்தன்று வேட்டி மடியில் வெல்லமும் பொரியும் வைத்திருப்பார் என்று தெரியும். சிவனணைஞ்சாள் என்ற மருமகள் மாட்டுத்தொழுவில் நின்று மட்டுமே அழுவாள், வேறெங்கும் அழமாட்டாள் என்று தெரியும். கூத்தபெருமாளின் அண்ணன் செத்த அன்று அவர் துண்டு கண்ணீரைவிட வெங்காயத்தைத்தான் அதிகம் பார்த்தது என்று தெரியும். இவர்களில் ஒருவர் எதிரே வந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியாது. உடுத்தியிருக்கும் துணியை வைத்து வேண்டுமானால் சொல்வாள்.

அவளிடம் ஒரு கழுதை இருந்தது. அதுவும் பேசும். ஆனால் அதற்குப் புல், பாரம் என்ற இரண்டு விஷயங்களைத் தவிர வேறு எதிலும் நாட்டமில்லை. ஆகவே வாரத்தில் துணி வரும் நாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சிமாளிக்கு மனிதர் நடுவில் இருப்பதுபோல இருக்கும். மூட்டைகளை அவிழ்த்துக் கரையில் பரப்பியதும் துணிகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு பேசும். அவள் சிரிப்பாள், அடடா என்பாள், யாருக்காவது காய்ச்சல் என்றால் தணிந்துவிட்டதா என்று கேட்பாள். பிறகு வெள்ளாவி ஏற்றுவாள். ஆவி கிளம்பக் கிளம்பக் குரல்கள் ஒவ்வொன்றாக அடங்கும். கடைசிக் குரல் நின்றதும் அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் அவள் கழுதையோடு பேசிப் பார்ப்பாள். அது புல்லைப் பற்றிப் பேசும்.

அந்த ஊரில் குளத்து மடையைத் திறந்து மூடும் வேலை பார்த்தவர் பூதலிங்கம். மனைவி இறந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பிள்ளைகள் இல்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்வது அவர் கை என்பதால் ஊரில் எல்லாரும் அவரிடம் பேசினார்கள், எல்லாரும் அதையேதான் பேசினார்கள். அவருடைய துண்டு சொல்வதற்கும் மடையையும் தண்ணீரையும் தவிர எதுவும் இருக்காது. அதனால் அவர் மட்டும் துண்டின் மேல் கல் வைப்பதில்லை.

ஒரு வாரம் அந்தத் துண்டு கரையில் விழுந்ததும் சொன்னது: "உன்னைப் பத்திக் கேட்டார்."

உச்சிமாளிக்கு முதலில் விளங்கவில்லை. துண்டு விவரமாகச் சொன்னது. வெளுத்து வந்த அன்று பூதலிங்கம் அதைத் தோளில் போட்டுப் பார்த்தாராம். மடிப்பு சரியாகத் தோள்முனையில் விழுந்ததாம். பிறகு எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, "உன்னை இவ்வளவு பதமா மடிக்கிறவ பேரு என்ன?" என்று அதனிடம் கேட்டாராம். வெள்ளாவியில் இருந்து வந்த துணிக்கு அது எப்படித் தெரியும்? மடைக்காரர் வீடு என்று தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டதாம்.

அன்று உச்சிமாளி தன் பெயரைத் துண்டுக்குச் சொன்னாள். அம்மா செத்த பிறகு அந்தப் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. சொல்லும்போது அவளுக்கே வேறு யாருடைய பெயரையோ சொல்வதுபோல இருந்தது. சொல்லிவிட்டுத் துண்டை உவர்மண்ணில் முக்கினாள், வெள்ளாவியில் வைத்தாள், வெளுத்து அனுப்பினாள்.

அடுத்த வாரமும் துண்டு அதே செய்தியோடு வந்தது. பூதலிங்கம் மறுபடி கேட்டிருந்தார். துண்டு மறுபடி மடைக்காரர் வீடு என்று சொல்லியிருந்தது. மூன்றாம் வாரமும் அப்படியே. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாரம் தவறாமல் அந்தத் துணியிலிருந்து அவள் தன்னையே வெளுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் வாரம் அவள் செய்த பிழை, தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. தொழில் தெரியாதவர்கள் துண்டை அழுக்கோடு அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்கள். உச்சிமாளி அப்படிச் செய்யவில்லை. புதிதாகப் பட்ட கறை பச்சைத்தண்ணீரிலேயே போய்விடும் என்பது அவள் அறிந்தது. கரையில் கிடந்தபோது மற்றத் துணிகளிடமிருந்து இந்தத் துண்டு கேட்ட ஊர்க்கதையெல்லாம் அன்று பட்டதுதானே? வெள்ளாவி ஏற்றினாலோ அவர் கேட்ட கேள்வியும் சேர்ந்து போய்விடும். ஆகவே அதை மட்டும் வெள்ளாவியில் வைக்காமல், ஆற்றில் மூன்று தடவை அலசி, நிழலில் காயப்போட்டு, காய்ந்த பிறகு தன் பெயரை அதன் வாயருகே மெதுவாகச் சொன்னாள். அவர் ஏதாவது பதில் சொன்னால் மறக்காமல் கொண்டுவரச் சொன்னாள். மடித்து, மற்றத் துணிகளின் நடுவில் வைத்து அனுப்பினாள்.

ஊர்க்கதை எண்ணெய்க் கறை மாதிரி என்பதும், அது பச்சைத்தண்ணீருக்கு அசையாது என்பதும் அவளுக்குத் தெரியாது. அதுவரை அதைச் சோதித்துப் பார்க்கும் தேவை வரவில்லை.

துணி போன மூன்றாம் நாள், பொட்டலில் புழுதி எழும்புவதைப் பார்த்தாள். ஊரே வந்துகொண்டிருந்தது. பாறையோடு நிற்காமல் அதைத் தாண்டி வந்தார்கள். அவளுடைய வாசலுக்கு மனிதர் வருவது அதுதான் முதல் தடவை. உட்கார எதைப் போடுவது என்று ஒரு கணம் அவள் கை அலைந்தது. பிறகுதான் முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. துணிகளைப் பார்த்து ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தாள்.

முன்னால் நின்ற நாட்டாமை ஆதிமூலம் பேசினார். "ஏட்டி, வெளுக்கத்தானே குடுத்தோம்? தமுக்கடிக்கவா குடுத்தோம்?"

நடந்ததை அவர்கள் ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்கள். அன்று காலை தண்ணீர் முறை. வயல்காரர்கள் எல்லாரும் மடையடியில் கூடியிருந்தார்கள். பூதலிங்கம் துண்டைக் கழற்றிக் கல்லின் மேல் போட்டுவிட்டு மடைக்குழியில் இறங்கினார். அவர் தலை மறைந்ததும் துண்டு பேசத் தொடங்கியது. நாட்டாமை மடியின் வெல்லத்தில் ஆரம்பித்து, கூத்தபெருமாளின் வெங்காயத்துக்கு வந்து, மாட்டுத்தொழுவுக்குள் நுழைந்து, வீடு வீடாகப் போனது. அதன் வாயை மூடியிருக்கலாம்தான். சுற்றிலும் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன் வீட்டுச் சங்கதி வந்தபோது பதறிப்போய்க் கல்லைத் தூக்கியவர்கள் எல்லாம், அடுத்த வீட்டுச் சங்கதி தொடங்கியதும் கல்லைக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்றாவது வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் ஊரில் மிச்சம் ஒன்றுமில்லை. மேலேறி வந்த பூதலிங்கம் துண்டை முறுக்கிப் பிடித்தபோது காலம் கடந்துவிட்டது.

"செத்தவன் என் அண்ணன்," என்றார் கூத்தபெருமாள். "எனக்கு அழுகை வரலேன்னா அது என் பாடு. அதை ஊருக்குச் சொல்ல இவ யாரு?"

உச்சிமாளியிடம், ஏன் அந்தத் துண்டை மட்டும் வெள்ளாவியில் வைக்கவில்லை என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, நல்லவேளையாக அதை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. கூட்டத்தின் பின்னால், தோளில் துண்டில்லாத ஒருவர் நின்றார். துணியை வைத்துத் தெரிந்துகொள்ளப் பழகியவளுக்கு, துணி இல்லாததை வைத்து அவர்தான் என்று தெரிந்தது. அவர் கைகளைப் பின்னால் வைத்திருந்தார்.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். இனி எந்தத் துணியும் பேசக் கூடாது. நாளை உச்சிப்பொழுதுக்குள் அவள் அதற்கு வழி செய்ய வேண்டும். முடியாவிட்டால் ஆற்றங்கரையை விட்டுப் போய்விட வேண்டும். வெளுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

போவது அவளுக்குப் பெரிய கஷ்டமில்லை. ஒரு கழுதை, ஒரு பானை, ஒரு பாய். துணிகளின் வாயை மூடுவதுதான் கஷ்டம். அவளுக்கு இருந்த பேச்சுத்துணை அவைதான். ஆனால் போய்விட்டால் துண்டு கொண்டுவரப்போகும் பதிலைக் கேட்க முடியாது. இருந்தால், அதன் வாயை மூடுவதற்கு முன் ஒரு தடவையாவது கேட்கலாம். அதனால் வழி செய்வதாக ஒப்புக்கொண்டாள். அவர்கள் போன பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. சிறு வயதில் மலையடிவாரத்தில் ஒரு சேங்கொட்டையைக் கல்லால் நசுக்கியபோது தெறித்த பால். கை வீங்கி வடிந்தது. புள்ளி மட்டும் இத்தனை வருஷம் உவர்மண்ணில் ஊறியும் போகவில்லை. அந்தப் பாலைத் துணியின் வாயில் வைத்தால் அதுவும் அப்படியே அடைந்துவிடும் என்று தோன்றியது.

மறுநாள் விடியும்போது அவள் அடிவாரத்தில் இருந்தாள். சேங்கொட்டை மரம் தனியாக நின்றது. சுற்றிலும் ஒரு ஒற்றையடிப் பாதைகூட இல்லை. அந்தப் பக்கம் வந்த பாதையும் மரத்தைக் கண்டதும் வளைந்து விலகிப் போயிருந்தது.

"தொடாதே, வீங்கும்," என்றது மரம். யார் வந்தாலும் அது முதலில் சொல்வது இதைத்தான். கேட்டதும் வந்தவர்கள் போய்விடுவார்கள். ஆகவே அதற்கு இரண்டாவதாக என்ன பேசுவது என்று பழக்கமில்லை.

உச்சிமாளி மணிக்கட்டைக் காட்டினாள்.

"போகலையா?" என்று மரம் கேட்டது.

"எவ்வளவு வெளுத்தும் போகலை."

மரத்துக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. வந்த காரியத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கொட்டைகளைத் தானே உதிர்த்தது. இலையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னது. முள்ளால் தொட்டு வைத்து மேலே சுண்ணாம்பு தடவச் சொன்னது. ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தது. "நான் மூடினா மூடினதுதான். திறக்கணும்னு அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

சரி என்று அவள் திரும்பினாள். பத்தடி போயிருப்பாள். "வேற எதுக்காவது வரலாம்," என்று பின்னாலிருந்து மரம் சொன்னது. வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

உச்சிப்பொழுதில் ஊர் முழுவதும் துணிகளோடு கரையில் கூடியது. உச்சிமாளி கல்லின் மேல் உட்கார்ந்து, முள்ளைப் பாலில் தொட்டுத் தொட்டு வைத்தாள். இரண்டாவது வேட்டியிலேயே ஒரு சிக்கல் தெரிந்தது. வாய் மூடிய துணி, எந்த வீடு என்று கேட்டால் எப்படிச் சொல்லும்? ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, ஒரு வீட்டுக்கு ஒரு கோடு என்று குறியை மாற்றி மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. மேலே சொன்ன இரண்டாவது வேலை வந்தது இப்படித்தான். நாட்டாமை தன் வீட்டுக்கு எல்லாவற்றிலும் பெரிய குறி வேண்டும் என்றார். மூன்று புள்ளியும் அதன் கீழ் இரண்டு கோடும் வைத்துக் கொடுத்தாள். கௌரவத்துக்காகக் கேட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வெல்லத்தை நினைத்துத்தான் கேட்டார்.

சில துணிகள் கெஞ்சின. சில, மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன் என்று அவசரப்பட்டன. அவற்றை நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சிவனணைஞ்சாளின் சேலை ஒன்றும் பேசவில்லை. அவள் அதை நீட்டும்போது உச்சிமாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்கும் என் வயசுதான் இருக்கும் போல," என்று சொல்லிவிட்டு, மாமியார் கூப்பிட்டதும் போய்விட்டாள்.

கடைசியாக வந்தவர் பூதலிங்கம். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்திருந்தார். கொடுப்பதற்காகப் பிடியை விட்டதும் அது வாயைத் திறந்தது.

"உச்சிமாளி," என்று துண்டு கூப்பிட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். "நீ சொல்லச் சொன்னதை வீட்டுக்குப் போன அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிட்டேன். அவர் பதில் சொன்னார். சொல்லட்டுமா?"

பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். முதல்நாள் ஊர்ச் சங்கதி வெளியானதற்காகக் கொதித்தவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கூத்தபெருமாள், "சொல்லட்டும், சொல்லட்டும். நாங்க மட்டும்தான் நாறணுமா?" என்றார்.

உச்சிமாளி பூதலிங்கத்தைப் பார்த்தாள். அவர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது நுனி சிவந்திருந்தது. துண்டு பேசினால் ஒரு வாக்கியம் அவளுக்குக் கிடைக்கும். அதே வாக்கியம் ஊருக்கும் கிடைக்கும். நாளைக்கு மடையடியில், களத்தில், கிணற்றில், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் யாருமில்லாத வீட்டில், கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்துச் சொன்ன வாக்கியம் அது.

"சொல்லட்டுமா?" என்று துண்டு மறுபடி கேட்டது.

அவள் முள்ளைப் பாலில் தொட்டு, துண்டின் வாயில் வைத்தாள். முள்ளை எடுக்க நேரமானதால் புள்ளி பெரிதாகப் படர்ந்தது. மேலே சுண்ணாம்பு தடவினாள். துண்டு ஒரு தடவை துடித்து, மற்றத் துணிகளைப் போலத் துணியாகிவிட்டது. அவள் அதை உதறி, நாலாக மடித்து, அவரிடம் கொடுத்தாள்.

அவர் வாயை யாரும் மூடவில்லையே, அவரே சொல்லியிருக்கலாமே என்று இந்தக் கதையைக் கேட்பவர்களில் சிலர் கோபப்படுவதுண்டு. நியாயமான கோபம்தான். பூதலிங்கமும் வாயைத் திறந்தார் என்றே சொல்கிறார்கள். ஆனால் அத்தனை வருஷம் துணியிடம் மட்டுமே மனம்விட்டுப் பேசியவர், ஊர் சூழ நிற்கும்போது ஒரு மனுஷியிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து முடிப்பதற்குள், பொழுது சாய்ந்துவிட்டது என்று நாட்டாமை எழுந்துவிட்டார். கூட்டம் கலைந்தது. பெயரைக் கேட்டுக்கொண்டவர்கள் பொட்டலைத் தாண்டுவதற்குள் அதை மறந்துவிட்டு, ஆத்தங்கரைக்காரி நல்ல வேலைக்காரிதான் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் உச்சிமாளி மூட்டைகளை அவிழ்த்துக் கரையில் பரப்பினாள். ஆறு ஓடும் சத்தம் இருந்தது. அடுக்கும்போது பழக்கதோஷத்தில் எந்த வீடு என்று கேட்பாள். கேட்டுவிட்டு ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். சேலை ஓரம் நனைந்து உப்பாக இருந்தால் யாரோ அழுதிருக்கிறார்கள் என்று தெரியும். எதற்காக என்று தெரியாது. கல்லில் துணியை அடிக்கும்போது மூச்சோடு சேர்த்து ஏதோ ஒரு ஒலியை அவள் எழுப்பத் தொடங்கியது அந்த நாட்களில்தான். களைப்பு தெரியாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதையும் திருத்த வேண்டும்தான். ஆனால் ஒரு கதைக்கு ஒரு திருத்தம் போதும்.

மடைக்காரர் வீட்டு மூட்டையை மட்டும் அவள் மெதுவாக அவிழ்ப்பாள். முதல் வாரம் அதில் இரண்டு வேட்டியும் ஒரு போர்வையும் இருந்தன. அடுத்த வாரமும் அவைதான். மாரிக்காலம் முடிந்து மடை அடைத்த பிறகும், மறுவருஷம் திறந்த பிறகும், துண்டு வரவில்லை. அவர் அதை மடையடியில் தானே அலசி, கல்லில் விரித்துப் போட்டு, காயும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை மாடு மேய்க்கிறவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளாவிக்குப் போனால் அதற்குள் இருக்கும் பேச்சும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுத் துணி முழுவதையும் சலவைக்குப் போட்டாலும், தோள்துண்டை மட்டும் ஆண்கள் பலர் தாங்களே அலசி, தாங்களே உதறிக் காயப்போட்டுக்கொள்வது அன்று தொடங்கியதுதான்.